இமயத்துக் காசித்தும்பை

வீட்டு முற்றத்திலும் கிணற்றங்கரையிலும் வளரும் காசித்தும்பைச் செடியை அறியாத தமிழ்ச் சிறுவர் சிலரே ஆவர். செம்மை, வெண்மை, ஊதா எனப் பல நிறங்களில் அது பூத்து நிற்கும். பூ உதிர்ந்தபின் அதன் காய் பருத்து முற்றும். முற்றிய காயை விரல் நுனியால் தொட்ட அளவிலேயே அது வெடித்துச் சுருண்டு, உள்ளிருக்கும் விதைகளை நாற்புறமும் சிதறும். யானும் என் தோழரும் இளமையில் பள்ளிக்குச் செல்லும் வழியெல்லாம் அக்காய்களைத் தொட்டு வெடிக்கச் செய்து மகிழ்ந்ததுண்டு. விதை எங்கே விழுகின்றது என்று நாங்கள் ஒருநாளும் எண்ணிப் பார்த்தோமில்லை. ஆனால், அவ்வாறு சிதறும் விதைகளால் பல நாடுகளின் மலையோடைகள் வடிவு மாறின என்பதைப் பிற்காலத்தில் நூல்களால் அறிந்து வியப்புற்றேன். அவ்வரலாற்றையே இப்பாடத்தில் காண்போம்.

காசித்தும்பை என்று பெயர் பெற்றிருப்பினும், போர்க்களத்தில் வீரர் சூடிய தும்பைக்கும் இதற்கும் இனவுறவு யாதொன்றும் இல்லை. தும்பை வேறு, இது வேறு. காசித்தும்பை அடங்கிய பேரினத்துக்குத் தாவர நூலார் இம்பேஷியன்ஸ் என்று இலத்தீன் மொழியில் பெயரிட்டனர். பொறுமையற்றது என்பது அச்சொல்லின் பொருள். தொட்ட கை எடுக்குமுன் வெடிக்கும் செடிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறு உண்டோ! இப்பேரினத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வகைகள் உலகில் உள்ளன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் நூறு வகைக்குக் குறையாமல் காணலாம். அவற்றுட் பெரும்பாலான வேறெங்கும் இயல்பாக வளர்வன அல்ல. மரநிழலும், ஈரமும், ஓடும் நீரின் அண்மையும் இவ்வினத்துக்கு மிகவும் உகந்தவை.

இவ்வினத்தைச் சேர்ந்ததே இமயத்துக் காசித்தும்பை. காசுமீரம் முதல் கடுவால் மலைநாடு வரையுள்ள மேற்கு இமயத்தின் பள்ளத்தாக்குகளே இதன் தாய்நிலம். ஏறத்தாழ 2,000 மீட்டருக்கும் 3,000 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில், பனியுருகி வரும் ஓடைகளின் கரைகளிலும், காடுகளின் ஓரங்களிலும் இது வளர்கின்றது. நம் வீட்டுக் காசித்தும்பை முழங்கால் அளவே உயரும். இமயத்துச் செடியோ ஓராண்டே வாழ்வதாயினும் ஓராள் உயரத்தையும் கடந்து, இரண்டு மீட்டருக்கு மேலும் வளரவல்லது. தண்டு உள்ளே துளையுடையது, நீர் நிறைந்தது, செந்நிறம் பாய்ந்தது. இலைகள் கணுவிற்கு இரண்டாகவோ மூன்றாகவோ அமைந்து, விளிம்பில் அரம் போன்ற பற்களைக் கொண்டிருக்கும். இலைக்காம்பின் அடியில் சிறு சுரப்பிகள் உண்டு. சுரப்பி தாங்கியது என்று பொருள்படும் சிறப்புப் பெயரைத் தாவர நூலார் இதற்கு இட்டமைக்கு அதுவே காரணம். மலர் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறமுடையது. அதன் வடிவு தலைக்கவசம் போன்றிருத்தலின், ஆங்கில நாட்டுப் பொதுமக்கள் இதனைக் காவலர் தலைக்கவசம் என்றும் வழங்குகின்றனர்.

மலையில் பிறந்த இச்செடி கடல் கடந்து சென்றது எவ்வாறு? கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த ஜான் போர்ப்ஸ் ராயில் என்னும் மருத்துவர், 1823 முதல் 1831 வரை வடநாட்டுச் சகாரன்பூரில் அமைந்திருந்த தாவரத் தோட்டத்தை மேற்பார்த்து வந்தார். இமயமலைச் செடிகொடிகளை ஆராய்ந்து அவர் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இமயத்துக் காசித்தும்பைக்கு அறிவியற் பெயர் இட்டவரும் அவரே. 1839ஆம் ஆண்டில் இதன் விதை இங்கிலாந்தை அடைந்தது. அந்நாட்டுத் தோட்டக்காரர் இதனைப் பெருவிருப்போடு வரவேற்றனர். விதைத்த சில மாதங்களில் ஆள் உயரம் வளர்ந்து, வேனிற்காலம் முதல் இலையுதிர்காலம் வரை ஓயாது பூக்கும் செடியை விரும்பாதார் யார்? அண்டை வீட்டார் விதை கேட்டு வாங்கினர். ஊர்தோறும் இச்செடி பரவிற்று. ஆனால், அது தோட்டத்து வேலிக்குள் அடங்கி நிற்கவில்லை. 1855ஆம் ஆண்டிலேயே வேலிக்கு வெளியே தானாக முளைத்து வளரும் நிலையை எய்திவிட்டது. இன்று ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும், வட அமெரிக்காவிலும், நியூசிலாந்திலும் இதனைக் காணலாம். வேல்சு நாட்டு மலையோடைகளிலும், ஆல்ப்சு மலைநாட்டுப் பள்ளத்தாக்குகளிலும், வில்லோ, ஆல்டர் முதலிய மரங்களின் நிழலில் இது கரையை மூடி நிற்கின்றது.

அயல்நாட்டிலிருந்து வந்த ஒரு செடி, மனிதன் நீர் விடாமலும் விதைக்காமலும் தானே முளைத்துத் தன் வழித்தோன்றல்களைப் பெருக்கி நிலைபெறுமாயின், அதனை அந்நாட்டில் வேரூன்றிய செடி என்பர். இந்நிலையை நம் முன்னோரும் வேறொரு வகையில் எண்ணிப் பார்த்துள்ளனர். குறிஞ்சி முதலிய நிலங்களுக்கு இன்னின்ன பூவும் புள்ளும் உரியன என்று வகுத்த தொல்காப்பியர், அகத்திணையியலில் மற்றொரு விதியும் கூறினார். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் வந்து தோன்றுமாயின், அவை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளப்படும் என்பது அவ்விதியின் கருத்து. இது செய்யுள் இயற்றும் புலவனுக்குக் கூறிய விதியாகும். பாட்டில் வரும் பூவை நாம் இவ்வாறு ஏற்றுக்கொள்ளலாம். அதனால் ஒருவருக்கும் இழப்பில்லை. ஆனால், உண்மையான ஓடைக்கரையில் வந்து குடியேறிய பூவை, அந்நிலம் ஏற்றுக்கொண்டதா? அங்கு முன்பே வாழ்ந்த செடிகள் ஏற்றுக்கொண்டனவா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு அச்செடியின் வாழ்க்கையை உற்று நோக்க வேண்டும்.

முதற்கண் அதன் விதையைக் காண்போம். காய் ஐந்து தோல்களால் ஆகியது. முற்றுங்காலத்தில் அத்தோல்கள் நீரால் விம்மி, இழுத்துக் கட்டிய வில் நாணைப் போல் விறைத்து நிற்கும். காற்றோ, மழைத்துளியோ, விலங்கோ தீண்டின், ஐந்து தோல்களும் ஒரு நொடியில் பிரிந்து உட்புறமாகச் சுருளும். அவ்விசையால் விதைகள் ஏழு மீட்டர் தொலைவு வரையிலும் சென்று விழுதல் கூடும். ஒரு செடி ஏறக்குறைய 800 விதைகளைத் தரும் என்று கணக்கிட்டுள்ளனர். அவற்றுட் பத்தே பிழைத்து வளர்வதாகக் கொள்வோம். அடுத்த ஆண்டில் பத்துச் செடிகள், அதற்கடுத்த ஆண்டில் நூறு, மூன்றாம் ஆண்டில் ஆயிரம் எனப் பெருகும் அன்றோ? ஏழு மீட்டர் பாயும் விதை தானே ஒரு நாட்டைக் கடக்கமாட்டாது. ஆயினும் செடி நிற்பது ஓடைக்கரை. கரையிலிருந்து வெடித்த விதை நீரில் விழுகின்றது. நீர் அதனைச் சுமந்து செல்கின்றது. வெள்ளம் வடியுங்கால் கீழ்க்கரையின் சேற்றில் அதனை இட்டுச் செல்கின்றது. இங்ஙனம் மலையுச்சியில் நின்ற ஒற்றைச் செடி, ஓடையையே தன் ஊர்தியாகக் கொண்டு, ஆற்றின் நெடுவழி முழுவதும் தன் இனத்தை நிறுவுகின்றது.

விதைகள் குளிர்காலத்தின் கடுங்குளிரில் கிடந்து பதம் பெற்ற பின்னரே முளைக்கும். இளவேனில் தோன்றியவுடன் அவை ஏறத்தாழ ஒரே காலத்தில், மற்றைய செடிகளுக்கு முன்னர் முளைத்து நெருங்கி வளர்கின்றன. வேனில் நடுவில் அவை உயர்ந்து இலைக்கூரை அமைத்துவிட, கீழேயுள்ள சிறு செடிகள் ஒளியின்றி மெலிகின்றன. இதன் மலரில் தேன் மிகுதி. ஆகவே வண்டுகளும் தேனீக்களும் இதனையே நாடி வருகின்றன. மலருள் நுழைந்து வெளிவரும் வண்டின் முதுகு வெண்ணிறத் தாது படிந்து, மாவில் புரண்டது போல் தோன்றும். இதனால் அருகில் நிற்கும் உள்நாட்டுச் செடிக்கு நேர்வது யாது? செருமனி நாட்டில் ஆராய்ந்து 2001ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் இதற்கு விடை கூறினர். இமயத்துச் செடி பக்கத்தில் நிற்கும் இடத்தில், அந்நாட்டு ஈரநிலச் செடி ஒன்றை நாடும் வண்டுகள் குறைந்தன. அதன் விதையும் குறைந்தது. விருந்தினன் விரித்த கடையில் கூட்டம் சேர, வீட்டுக்காரன் கடை வெறுமையாயிற்று எனலாம்.

இவற்றினும் பெரிய தீங்கு குளிர்காலத்தில் நேர்கின்றது. இச்செடியின் வேர் ஆழமாகச் செல்வதன்று. முதல் உறைபனி விழுந்தவுடன், நீர் நிறைந்த அதன் தண்டு கருகிச் சாய்ந்துவிடும். பல்லாண்டு வாழும் புல்லும் பூண்டும் அக்கரையில் நின்றிருந்தால், மேலே வாடினும் அவற்றின் வேர்கள் மண்ணைப் பற்றிக்கொண்டிருக்கும். அவை இமயத்துச் செடியின் நிழலில் நலிந்து மறைந்துவிட்டமையால், குளிர்காலத்தில் கரை மூடுவாரின்றி வெறுமையாகக் கிடக்கின்றது. அக்காலத்தில் பெருகும் வெள்ளம் மண்ணை அரித்துச் செல்கின்றது. வடமேற்குச் சுவிட்சர்லாந்தில் ஒரு சிற்றாற்றங்கரையை அளந்து 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி, இச்செடி நின்ற இடங்களில் மண்ணரிப்பு மிகுந்ததைக் காட்டிற்று. வேனிலில் கண்ணைக் கவரும் பூங்கரை, குளிர்காலத்தில் கரைந்து ஓடும் மண்கரையாகின்றது. அழகினைக் கண்டு செடியை வளர்த்தோர் பூக்காலத்தை மட்டுமே எண்ணினர். மற்றைய மாதங்களை எண்ணிலர்.

நடுவுநிலை பிறழாது கூறுவதாயின், இச்செடியின் பக்கத்து நியாயத்தையும் கேட்டல் வேண்டும். ஏனைய மலர்கள் அருகிய இலையுதிர்காலத் தொடக்கத்தில் தேனீக்களுக்கு இஃது உணவளிக்கின்றது. அதனால் தேனீ வளர்ப்போர் பலர் இதனை விரும்புகின்றனர். செக் நாட்டு ஆற்றங்கரைகளில் ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்று, இச்செடியால் மற்றைய செடிவகைகளின் எண்ணிக்கை அவ்விடங்களில் பெரிதும் குறையவில்லை என்று காட்டிற்று. ஆகவே தீங்கின் அளவு இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதை உணர்தல் வேண்டும். ஒன்றைத் தீயது என்று ஒரு சொல்லில் ஒதுக்குதல் எளிது. எங்கே, எவ்வளவு, எக்காலத்தில் தீயது என்று ஆராய்ந்து கூறுதலே அறிவுடைமை.

இமயமலையில் இதே செடி இவ்வளவு தீங்கு செய்யாதது ஏன்? அங்கு அதனை உண்ணும் பூச்சிகள் உள. அதன் இலையைப் பற்றும் நோய்ப்பூஞ்சைகள் உள. அதனோடு நெடுங்காலம் போட்டியிட்டுப் பழகிய அண்டைச் செடிகளும் உள. அவை யாவும் சேர்ந்து அதனை ஓர் எல்லைக்குள் நிறுத்துகின்றன. கப்பலேறிச் சென்றது விதை மட்டுமே. அதனை அடக்கி ஆண்ட சுற்றம் முழுவதும் இமயத்திலேயே நின்றுவிட்டது. கரையை இழந்த வெள்ளம் போல் இச்செடி பெருகியதற்குக் காரணம் இதுவே. குற்றம் செடியின் பிறப்பிலன்று; அதனைத் தன் சுற்றத்தினின்றும் பிரித்து நட்டதன் பயனாகும்.

இனி, இதனைத் தடுக்க மேற்கொண்ட வழிகளைக் காண்போம். இங்கிலாந்தில் ஆண்டுதோறும் பூக்கும் காலத்தின் தொடக்கத்தில், இளைஞரும் முதியோருமாகிய தொண்டர்கள் ஓடைகளில் இறங்கிக் கையாலேயே இச்செடிகளைப் பிடுங்குகின்றனர். வேர் ஆழமற்றதாகலின் பிடுங்குதல் அரிதன்று. ஆயினும் அதற்கு முறை உண்டு. காய் முற்றுமுன் பிடுங்கல் வேண்டும். பின்னர்த் தொடின் தொட்ட கையே விதைத்த கையாகிவிடும். தண்டினை ஈரமண்ணில் எறிதல் கூடாது; கணுவினின்றும் மீண்டும் வேர்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, பணியை ஓடையின் தலைப்பகுதியிலிருந்தே தொடங்குதல் வேண்டும். மேலே பத்துச் செடிகளை விட்டுவிட்டுக் கீழே பதினாயிரம் செடிகளைப் பிடுங்கினாலும், அடுத்த வெள்ளம் விதைகளைக் கொண்டுவந்து பழைய நிலையை உண்டாக்கிவிடும். விதைகள் மண்ணில் நெடுங்காலம் உயிரோடு இருப்பன அல்ல. ஆதலின் இரண்டு மூன்று ஆண்டுகள் சோர்வின்றி உழைத்தால் ஓர் ஓடைக்கரை தூய்மை பெறும். பொறுமையற்றது என்று பெயர் பெற்ற செடியை வெல்வதற்குப் பொறுமையே கருவியாயிற்று.

ஆயினும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீண்ட கரைகளைக் கைகளால் மட்டும் காத்தல் இயலாது. ஆகவே இங்கிலாந்து அறிஞர், செடியின் தாய்நிலத்தையே நாடினர். இமயத்தில் இச்செடியைப் பற்றும் துருநோய்ப் பூஞ்சை ஒன்றை 2006ஆம் ஆண்டு முதல் மேற்கொண்ட ஆராய்ச்சியில் கண்டறிந்தனர். கொண்டுவந்த பூஞ்சை மற்றைய பயிர்களைப் பற்றுமாயின் ஒரு தீமையை நீக்க மறுதீமையை அழைத்ததாக முடியும் அன்றோ? அதனால் பல்வகைச் செடிகளின்மேல் அதனை ஆண்டுக்கணக்கில் ஆய்ந்து, ஏனையவற்றுக்குக் கேடு செய்யாது என்று தெளிந்த பின்னரே, 2014ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டனர். முழுவெற்றி உடனே கிட்டவில்லை. சில ஓடைகளில் நோய் நன்கு பற்றியது. வேறு சில ஓடைகளில் செடி அதனை எதிர்த்து நின்றது. இமயத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து பலமுறை விதைகள் சென்றமையால், இங்கிலாந்தில் உள்ள செடிகள் யாவும் ஒரே தன்மையன அல்ல என்பது இதனால் விளங்கிற்று. விதை கொண்டு சென்றதற்குச் சில திங்கள் போதுமாயிருந்தது. அதனைத் திருத்துவதற்கு ஒன்றே முக்கால் நூற்றாண்டு கடந்தும் முயற்சி முற்றுப்பெறவில்லை. சட்டமும் பின்னரே வந்தது. இங்கிலாந்தில் 2010ஆம் ஆண்டிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017ஆம் ஆண்டிலும் இச்செடி தடை செய்யப்படும் செடிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

மாணவர்களே, இவ்வரலாறு அயல்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நம் ஏரிகளையும் வாய்க்கால்களையும் மூடி நிற்கும் ஆகாயத்தாமரை, தென்னமெரிக்காவிலிருந்து ஊதாப்பூவின் அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டதே. நம் காடுகளில் புதராய் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் அமெரிக்காவிலிருந்து தோட்டத்துக்கு அழகு செய்ய வந்ததே ஆகும். இமயத்துச் செடி இங்கிலாந்தில் செய்ததை, அமெரிக்கச் செடி நம் நாட்டில் செய்கின்றது. எந்நாட்டுச் செடியும் பகையன்று. எந்நாட்டு மண்ணும் அடிமையன்று. இடமறியாது கொண்டு சென்று, காவலின்றி விடுத்தலே தீங்கு.

நீங்கள் உதகைக்கோ, கோடைக்கானலுக்கோ செல்லும்போது, நிழலடர்ந்த ஓடைக்கரையில் சிறு காசித்தும்பை வகைகள் பூத்திருப்பதைக் காணலாம். உலகில் வேறெங்கும் இல்லாத வகைகள் அவற்றுள் உண்டு. அவை நிற்கும் இடம் உள்ளங்கை அளவினதாகவும் இருக்கலாம். அவ்விடத்தை வேறொரு செடி கைக்கொள்ளுமாயின் அவற்றுக்குப் புகலிடம் வேறில்லை. ஆதலின் தோட்டத்துக் கழிவையும் அயற்செடியின் விதையையும் தண்டையும் ஓடையில் எறியாதிருத்தல் வேண்டும். மலைப்பூவைப் பறித்துவந்து வேறிடத்தில் நடும் ஆசையையும் அடக்குதல் வேண்டும்.

வந்த பூவும் வந்த நிலத்துக்கு உரியது என்பது பாட்டுக்கு ஏற்ற விதி. வாழ்க்கையில், வரவேற்குமுன் ஆராய்தலும், வரவேற்றபின் காத்தலும் மனிதனுடைய கடமைகள். காயைத் தொட்டு வெடிக்கச் செய்தல் ஒரு நொடியில் முடியும் விளையாட்டு. சிதறிய விதைகளைத் தேடிப் பொறுக்குதலோ தலைமுறைகளுக்கும் தொடரும் உழைப்பு. இதனை உணர்ந்து ஓடையின் தலைப்பகுதியிலேயே விழிப்பாயிருப்போர், ஆற்றின் கடைக்கோடி வரை வாழ்வோருக்கு நன்மை செய்தோர் ஆவர்.